வளரும் ஊர்களும் காவலர் எண்ணிக்கையும்

ஓர் ஊருக்கு எத்தனை காவலர் வேண்டும் என்ற கேள்வி, கேட்ட மாத்திரத்தில் எளிய கணக்காகத் தோன்றினாலும், ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக நிர்வாகிகளும் விசாரணைக் கமிஷன்களும் நீதிமன்றங்களும் பொருளாதார நிபுணர்களும் அதற்கு அளித்துவந்த விடைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், அவை ஒன்றுக்கொன்று இசையாமல் நிற்பது புலனாகும். பெருநகரங்களுக்குத் தனி ஆணையரகமும் அதற்குரிய படையும் உண்டு. தொலைவான கிராமங்களில் குற்றம் நடந்த பின்னர் போலீஸ் வந்து சேர்வதே வழக்கம் என்று ஜனங்கள் பழகிப்போயிருக்கிறார்கள். இவ்விரண்டுக்கும் இடையில், ஒரு தலைமுறைக்குள் உருவம் மாறிவிட்ட ஊர்களில்தான் இக்கேள்வி கூர்மை பெறுகிறது.

ஓசூரை எடுத்துக்கொள்வோம். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமையும்வரை அது எல்லைப்புறத்துச் சிற்றூர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நகராட்சியின் மக்கள்தொகை 1,16,821. சுற்றுப்புறங்கள் சேர்க்கப்பட்டு 2019-இல் அது மாநகராட்சியாயிற்று. அத்திப்பள்ளியை எட்டினால் கர்நாடகம். பெங்களூரு நாற்பது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஊருக்குள்ளும் ஊரைச் சுற்றியும் வாகனத் தொழிற்சாலைகள், கடிகாரத் தொழிற்சாலை, அண்மையில் மின்னணுப் பொருள்களின் ஆலைகள். அவற்றில் வேலை செய்யும் வெளிமாவட்டத்தாரும் வடமாநிலத்தாரும், விடுதிகளில் தங்கியிருக்கும் ஆயிரக்கணக்கான இளம்பெண்களும். இத்தகைய ஊருக்குக் காவலர் எண்ணிக்கையை எதன்மேல் கணக்கிடுவது? இதுவரை தரப்பட்ட விடைகளின் பிறப்பிடத்தையும் குறைபாடுகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேள்வி பிறந்த விதம்

தமிழ்நாட்டின் பழைய ஏற்பாட்டில் காவல் என்பது ஊரார் மகசூலில் ஒரு பங்கைக் காவல்காரருக்கு அளித்து, களவுபோன பொருளுக்கு அவரையே உத்தரவாதியாக்கும் ஒப்பந்தமாக இருந்தது. பாளையக்காரர் ஆட்சி ஒடுக்கப்பட்டதோடு கிழக்கிந்தியக் கம்பெனியார் அந்தக் காவல் வருமானத்தைப் படிப்படியாக நீக்கி, 1816-ஆம் ஆண்டின் 11-ஆம் ரெகுலேஷன் மூலம் கிராமத் தலைவர்களுக்குச் சில்லறைப் போலீஸ் அதிகாரங்களை அளித்தனர். வரி வசூலிப்பவரே போலீஸ் அதிகாரத்தையும் கையில் வைத்திருந்ததன் கொடிய பலனைச் சித்திரவதை விசாரணைக் கமிஷனின் 1855-ஆம் ஆண்டு அறிக்கை அம்பலப்படுத்தியது. அதன் பின்னரே, 1859-ஆம் ஆண்டின் சென்னைப் போலீஸ் சட்டம் ரெவினியூவினின்று பிரிந்த தனிப்படையை உருவாக்கிற்று. இரண்டாண்டு கழித்து அகில இந்தியச் சட்டமும் பிறந்தது.

அந்தப் படையின் அமைப்பைக் கவனித்தல் அவசியம். பரந்த நிலப்பரப்பைச் சொற்பச் செலவில் மேற்பார்வை செய்வதே அதன் இலக்கு. ஜனங்களின் அன்றாட முறையீட்டைக் கேட்பது அன்று. 1902–03-இல் ஆண்ட்ரூ பிரேசர் தலைமையிலான கமிஷன் அப்படையின் ஊழலையும் பயிற்சிக் குறைவையும் கடுமையாகக் கண்டித்து, ஸ்டேஷன் பொறுப்பு உதவி ஆய்வாளர் தரத்திலுள்ளவரிடம் இருக்கவேண்டுமென்று வகுத்தது. ஆயினும் அகன்ற எல்லைக்கு ஒரு ஸ்டேஷன், அதில் கைவிரல்களால் எண்ணத்தக்க காவலர் என்னும் கிராமப்புற மாதிரி மாறவில்லை. இன்றைய வளரும் ஊர்கள் பலவும் இந்த மாதிரியின் வாரிசுகளே. நகரம் வந்துவிட்டது, ஸ்டேஷனின் எலும்புக்கூடு தாலுகாக் காலத்ததாகவே நிற்கிறது.

மக்கள்தொகை என்னும் அளவுகோல்

மிகப் பிரசித்தமான விடை, லட்சம் பேருக்கு இத்தனை காவலர் என்பது. ஐக்கிய நாடுகள் சபை லட்சத்துக்கு 222 என்று நிர்ணயித்திருப்பதாகப் பத்திரிகைகளும் சட்டமன்ற உறுப்பினர்களும் இடைவிடாமல் எடுத்துரைக்கிறார்கள். 450 பேருக்கு ஒரு காவலர் என்பதை லட்சத்துக்கு மாற்றினால் வரும் எண் அது. அத்தகைய பரிந்துரை எதையும் சபை வெளியிட்டதில்லை என்பதை மூலத்தைத் தேடிச் சென்றவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆயினும், பிரமாணமில்லாத ஓர் எண் பிரமாணமாகவே நிலைத்துவிட்டது.

இந்தியா முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், 2020-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் லட்சத்துக்கு ஏறத்தாழ 195 என்றும், உண்மையில் பணியில் இருப்போர் ஏறத்தாழ 155 என்றும் போலீஸ் ஆராய்ச்சி மற்றும் அபிவிருத்திச் செயலகத்தின் புள்ளிவிவரங்கள் காட்டுகின்றன. இந்த இடைவெளி மெய்யானது. அதைப் பற்றிய கவலையும் நியாயமானது. நிரப்பப்படாத இடங்களைக் குறித்து 2017-இல் உச்ச நீதிமன்றமே மாநிலங்களிடம் காலவரையறையோடு திட்டம் கேட்டது. ஆனால் இந்த அளவுகோலை ஒரு வளரும் ஊரின்மேல் வைக்கும்போது மூன்று குறைகள் வெளிப்படுகின்றன.

முதலாவது, அந்த விகிதத்தின் தொகுதியில் உள்ள எண். லட்சத்துக்கு இத்தனை என்று சொல்லப்படும் காவலருள் ஆயுதப் படையினரும் சிறப்புக் காவல் படையினரும் அடக்கம். ஒரு தாய் தன் மகளைக் காணவில்லையென்று நள்ளிரவில் ஸ்டேஷன் வாசலுக்கு வரும்போது, அவள் முன் நிற்பவர் அந்தச் சராசரியில் உள்ளவர்களில் மிகச் சிலரே.

இரண்டாவது, பகுதியில் உள்ள எண், இதுவே பெருங்குறை. 2021-இல் நடந்திருக்கவேண்டிய கணக்கெடுப்பு ஒத்திவைக்கப்பட்டதால், 2011-ஆம் ஆண்டின் தொகையையும் அதன்மேல் கட்டிய அனுமானங்களையுமே ஆதாரமாகக் கொள்ளவேண்டியிருக்கிறது. வளராத ஊருக்கு இதனால் பெரிய பங்கமில்லை. வேகமாக வளரும் ஊருக்கோ, எந்த வளர்ச்சி காவலர் தேவையை உண்டாக்குகிறதோ அதே வளர்ச்சி கணக்கில் விழாமற் போகிறது. திருப்பூரின் நகர்ப்புறத் தொகுதி 2011-லேயே 9.6 லட்சத்தைத் தாண்டியிருந்தது. பின்னலாடைத் தொழிலின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப வந்து போகும் தொழிலாளரை எந்தக் கணக்கெடுப்பும் ஒரு குறிப்பிட்ட நாளின் நிலையாகவே காட்டமுடியும்.

மூன்றாவது, நகரமென்று பெயர் பெறாத நகரங்கள். கணக்கெடுப்பின் இலக்கணப்படி நகரத் தன்மை பெற்றும் நிர்வாகத்தில் ஊராட்சிகளாகவே இருந்துவரும் 'கணக்கெடுப்பு நகரங்கள்' தமிழ்நாட்டில் 2001-இல் 111, 2011-இல் 376. சாலை, குடிநீர், காவல் எல்லாவற்றிலும் இவை கிராமங்களாகவே பாவிக்கப்படுகின்றன.

பரப்பும் வழக்கும்

1977 முதல் 1981 வரை பணியாற்றிய தர்ம வீரா தலைமையிலான தேசியப் போலீஸ் கமிஷன், மக்கள்தொகையை மட்டும் நம்பாமல் பரப்பையும் வழக்குகளையும் சேர்த்துப் பார்த்தது. கிராமப்புறத்தில் ஒரு ஸ்டேஷனின் எல்லை 150 சதுர கிலோமீட்டருக்குள், நகர்ப்புறத்தில் அதன் மக்கள்தொகை 60,000-க்குள் இருப்பது நலமென்றும், ஒரு புலனாய்வு அதிகாரியின் மேல் ஓராண்டில் சுமார் 60 வழக்குகளுக்கு மேல் ஏற்றலாகாதென்றும் அதன் சிந்தனை சென்றது. வேலையின் அளவைக் கொண்டு ஆளின் அளவைத் தீர்மானிப்பது என்னும் தத்துவம் இதில் கருக்கொண்டிருந்ததால், முந்தைய விடையைக் காட்டிலும் இது முன்னேற்றமே.

எனினும், பதிவான வழக்கு என்பது நடந்த குற்றத்தின் அளவா, அல்லது பதிவு செய்ய மனங்கொண்ட ஸ்டேஷனின் அளவா? 2020-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் கீழ் நாட்டிலேயே அதிக வழக்குகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு. ஊரடங்கு உத்தரவை மீறியோர்மேல் லட்சக்கணக்கில் போடப்பட்ட வழக்குகளே அதன் முதற்காரணம். மறுபுறம், மத்தியப் பிரதேசத்தில் 180 ஸ்டேஷன்களைக் கொண்டு நடத்தி 2022-இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், மகளிர் உதவி மேஜைகள் அமைக்கப்பட்ட ஸ்டேஷன்களில் பெண்கள் தரும் முறையீடுகளின் பதிவு உயர்ந்தது. அங்கே கொடுமை பெருகிவிட்டதென்று ஒருவரும் பொருள் கொள்ளமாட்டார். அதுவரை வாசலிலேயே திருப்பியனுப்பப்பட்ட துயரம் காகிதத்தில் ஏறியது.

ஆகவே, வழக்கெண்ணிக்கையைக் கொண்டு ஆளை ஒதுக்கினால், மனுவை வாங்கி ரசீது மட்டும் கொடுத்து இரு தரப்பையும் 'பேசி முடித்து' அனுப்பும் ஸ்டேஷன் வேலை குறைந்ததாகவும், ஒழுங்காக முதல் தகவல் அறிக்கை பதியும் ஸ்டேஷன் குற்றம் மலிந்ததாகவும் காட்சியளிக்கும். இன்னொன்றும் உண்டு. ஓசூர் போன்ற ஊரில் காவலரின் பொழுதை விழுங்குபவை பெரும்பாலும் வழக்குகளே அல்ல. நெடுஞ்சாலை விபத்து, திருவிழாப் பந்தோபஸ்து, தலைவர்களின் வருகை, பாஸ்போர்ட் விசாரணை, ஆலைவாசல் தகராறு, எல்லைச் சோதனை முதலியன குற்றப் புள்ளிவிவரத்தில் ஒரு கோடுகூடப் பெறுவதில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சோதனைகளை ஒளிப்பதிவு செய்யவும், ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் வருகையை உறுதிசெய்யவும் கட்டளையிடுகிறது. நன்மையான மாறுதல், ஆனால் ஒரு வழக்குக்கான மனித நேரத்தை அது கூட்டியிருக்க, 60 வழக்கு என்னும் பழைய வரம்பு பழைய நடைமுறையை அடிப்படையாகக் கொண்டது.

மணிக்கணக்கு

மூன்றாவது விடை, ஆளை விட்டு நேரத்தை எண்ணுகிறது. ஐதராபாத் நிர்வாகப் பணியாளர் கல்லூரி 2014-இல், எட்டுமணி நேர முறைப்பணிக்கு எத்தனை பேர் வேண்டுமென்று நாடளாவிய ஓர் ஆய்வு செய்தது. ஸ்டேஷன் ஊழியருள் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பேர் நாளொன்றுக்கு எட்டு மணிக்கு மேல் உழைப்பதை அது கண்டது. முறைப்பணியை நிலைநாட்ட, ஸ்டேஷன்களுக்கு அனுமதிக்கப்பட்ட பலம் ஒன்றரை மடங்குக்கும் மேலாக உயரவேண்டுமென்று மதிப்பிட்டது.

இக்கணக்கின் நியாயத்தை ஒரே ஒரு பணியிடத்தைக் கொண்டு விளக்கலாம். ஸ்டேஷன் வாசலில் ஆயுதத்தோடு நிற்கும் பாராக் காவலர் இரவும் பகலும் இருக்கவேண்டியவர். நாளுக்கு மூன்று முறை என்றால் ஆண்டுக்கு 1,095 முறைகள். ஒரு காவலருக்கு வார ஓய்வு 52 நாள் போக, விடுப்பு, பயிற்சி, நோய் ஆகியவற்றையும் கழித்தால் எஞ்சுவது சுமார் 255 நாள். ஆகவே அந்த ஒரு நாற்காலிக்கு மட்டும் நாலேகால் ஆள் வேண்டும். இனி, முப்பது பேர் பட்டியலில் உள்ள ஒரு ஸ்டேஷனின் ஓரிரவை எண்ணிப்பாருங்கள்: ஒருவர் பாரா, ஒருவர் எழுத்தரின் மேஜையில், இருவர் இருசக்கர வாகனத்தில் ரோந்து, அரசு மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட கைதியின் கட்டிலருகே இருவர், ரிமாண்டு ஆனவரைச் சேலம் மத்தியச் சிறையில் ஒப்படைக்கப் போன இருவர் திரும்பவில்லை, வேறு மாவட்டத்துத் திருவிழாவுக்கு அயற்பணியாகச் சென்றோர் சிலர், மறுநாள் காலை நீதிமன்றத்தில் சாட்சி சொல்லவேண்டியவரோ முந்தைய பகலெல்லாம் சாலைமுனையில் நின்றவர். முப்பது என்னும் எண் காகிதத்தில் இருக்கிறது; அழைப்புக்கு ஓட இருவர் இருந்தால் அது நல்ல இரவு.

தமிழக அரசு 2021 நவம்பரில் காவலர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வளித்து ஆணை பிறப்பித்தது. மனிதத் தன்மையுள்ள, நெடுநாள் தாமதித்த உத்தரவு. அதை வரவேற்காதவர் காவலர் குடியிருப்புகளின் வாழ்க்கையை அறியாதவர். ஆனால் வார ஓய்வு என்பது இருக்கும் உழைப்பில் ஏழில் ஒரு பங்கைக் குறைப்பது. அப்பங்கை ஈடுசெய்யும் ஆள் சேராவிடில், ஓய்வு பட்டியலில் இருக்கும், நடைமுறையில் கரைந்துபோகும். ராஜஸ்தானில் 2005-ஐ அடுத்த ஆண்டுகளில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் போலீஸாரோடு சேர்ந்து நடத்திய பரிசோதனையிலும் இதுவே நிகழ்ந்தது: இடமாற்றத்தை நிறுத்திவைத்ததும் பயிற்சி தந்ததும் பலன் காட்டின, வார ஓய்வும் பணிச் சுழற்சியும் ஸ்டேஷன் பொறுப்பாளர்களால் சரிவர அமலாக்கப்படாமையால் தளர்ந்தன.

மணிக்கணக்குக்கும் ஒரு வலுவான ஆட்சேபம் உண்டு. இன்று செய்யப்படும் வேலைகள் யாவும் செய்யத்தக்கவையே என்று அது எடுத்துக்கொள்கிறது. உயர் அதிகாரிகளின் வீட்டுவேலைக்குக் காவலரை அமர்த்தும் ஆர்டர்லி முறையைத் தமிழக அரசு 1979-லேயே ஒழித்து ஆணையிட்டும், 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைக் கண்டித்துப் பேசவேண்டியிருந்தது. உயர் அதிகாரியின் வீட்டுவேலையில் கழியும் நேரத்தையும் 'தேவை' என்ற பத்தியில் எழுதிக் கூடுதல் ஆள் கேட்பது நியாயமாகாது.

எண்ணிக்கையா, நிறுத்தும் இடமா?

காவலரைக் கூட்டினால் குற்றம் குறையுமா என்ற அடிப்படைக் கேள்வியை எழுப்பியவர்கள் பெரும்பாலும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள். கான்சாஸ் நகரில் 1972–73-இல் பதினைந்து ரோந்து வட்டங்களை மூன்று வகையாகப் பிரித்து, ஒன்றில் வழக்கமான ரோந்தை நிறுத்தியும், ஒன்றில் இரண்டு மூன்று மடங்காக்கியும், ஒன்றில் முன்போலவே விட்டும் பார்த்தார்கள்; குற்றத்திலோ ஜனங்களின் அச்சத்திலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் தென்படவில்லை. சில ஆண்டுகளில் நியூவார்க் நகரில் நடந்து செல்லும் ரோந்தைச் சோதித்தபோது, குற்றம் குறையாவிடினும் அச்சம் குறைந்தது. 1988–89-இல் மினியாபோலிஸில், குற்றம் குவியும் 110 தெருமுனைகளைத் தேர்ந்து அவற்றுள் பாதியில் காவலர் இருப்பை அதிகரித்தபோது, அழைப்புகள் மிதமாகக் குறைந்தன. 1994-இல் யூத சமூக நிலையத்தின்மேல் நடந்த குண்டுவெடிப்புக்குப் பின் ப்யூனஸ் அயர்ஸ் நகரில் யூத ஸ்தாபனங்களுக்கு இரவு பகலாகக் காவல் போடப்பட்டது. அந்தக் கட்டடங்கள் இருந்த தெருப்பகுதியில் கார்த் திருட்டு முக்கால் பங்கு குறைந்தது, ஓரிரு தெரு தள்ளி அதன் சாயல்கூட இல்லை.

மொத்த எண்ணிக்கையைப் பற்றிய ஆய்வுகள் இவ்வளவு தெளிவானவை அல்ல. குற்றம் மிகுந்த ஊரே அதிகக் காவலரை நியமிப்பதால், காரணமும் காரியமும் பின்னிக்கொள்கின்றன. தேர்தல் ஆண்டுகளில் நிகழும் நியமனங்களைக் கொண்டு ஸ்டீவன் லெவிட் 1997-இல் இச்சிக்கலை அவிழ்க்க முயன்றார். அவருடைய கணக்கிலிருந்த பிழையை மெக்ரேரி 2002-இல் எடுத்துக்காட்டிய பின் அம்முடிவு வலுவிழந்தது. பின்வந்த ஆய்வுகள், காவலர் பெருகினால் கொலை முதலிய கொடுங்குற்றங்கள் ஓரளவு குறைகின்றன என்ற பக்கம் சாய்கின்றன.

இவற்றிலிருந்து 'ஆள் வேண்டாம், இடமறிந்து நிறுத்தினால் போதும்' என்று நம் நிதித்துறை முடிவு செய்தால், அது அவசர முடிவாகும். அந்நகரங்களில் அழைப்புக்குச் செல்ல ஆள் ஏற்கெனவே இருந்தனர்; மிகையானவர்களை எங்கே நிறுத்துவது என்பதே அங்கே பிரச்னை. இடமறிந்து நிறுத்துவதற்கும் நிறுத்தத்தக்க ஒருவர் மிஞ்சவேண்டும்.

ஆளுக்கு மாற்று

ஊர்க்காவல் படை, கண்காணிப்புக் கேமரா, தன்னார்வலர் என்று மாற்றுகளும் முன்வைக்கப்பட்டுள்ளன. கேமரா நடந்ததைக் காட்டும். அதைப் பார்த்துச் சட்டப்படி கைப்பற்றி நீதிமன்றத்தில் நிரூபிக்க மறுபடியும் காவலரே வேண்டும். 1993-இல் ராமநாதபுரத்தில் தொடங்கிய 'போலீஸ் நண்பர்கள்' இயக்கம் நல்லெண்ணத்தில் பிறந்தது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் ஸ்டேஷனில் தாக்கப்பட்டு மாண்ட பின், அதில் அவ்வியக்கத்தினருக்கும் பங்குண்டென்ற குற்றச்சாட்டு எழ, அவ்வியக்கத்துக்குத் தடை வந்தது. பயிற்சியும் பொறுப்புமில்லாதவர் கையில் காவல் அதிகாரத்தின் நிழலைத் தருவது எத்துணை அபாயகரமானது என்பதை அத்துயரம் நாட்டுக்கு உணர்த்திற்று. வேலைப்பளுவே கொடுமைக்குக் காரணமென்ற சமாதானத்தையும் இங்கேயே மறுத்துவிடவேண்டும்: உறக்கமின்மை எரிச்சலை விளைவிக்கலாம், விசாரணையைத் தாமதிக்கலாம், சித்திரவதைக்கு அது ஒருபோதும் விளக்கமாகாது. கட்டுப்பாடில்லாத ஸ்டேஷனுக்கு மேலும் பத்துப் பேரை அனுப்புவது ஜனங்களுக்குப் பாதுகாப்பாகாது.

தீராதவை

கிடைத்துள்ள சான்றுகளை எடைபோட்டால், ஒரு வளரும் ஊருக்கு மணிக்கணக்கே மற்றவற்றைக் காட்டிலும் நேர்மையான தொடக்கம் என்று, சற்றுத் தயக்கத்தோடு, சொல்லலாம். வேண்டாத வேலைகள் முன்னதாகக் கழிக்கப்படவேண்டும், முறையீட்டைப் பதியாமல் அனுப்புவது சுமை குறைந்ததாகக் கணக்கில் ஏறாதிருக்கவேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளோடு. இதற்கு மேல் செல்லும்போது சில விஷயங்கள் முடிவுறாமலே நிற்கின்றன.

ஆணையரகம் அமைப்பதா என்பது ஒன்று. 2022 ஜனவரி முதல் ஆவடியும் தாம்பரமும் தனி ஆணையரகங்களாயின. இத்தகைய பிரிவினை மேற்பார்வைப் பதவிகளை உடனே பெருக்குகிறது. தெருவில் நிற்கும் காவலரை எவ்வளவு பெருக்குகிறது, எத்தனை காலத்தில் என்பது வேறு கணக்கு. சட்டம் ஒழுங்கையும் புலனாய்வையும் பிரிப்பது இரண்டாவது. போலீஸ் சீர்திருத்தம் குறித்த பிரகாஷ் சிங் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் இதைப் பத்து லட்சமும் அதற்கு மேலும் ஜனமுள்ள நகரங்களில் முதலில் செய்யச் சொல்லி, சிறு நகரங்களுக்குப் படிப்படியாக விரிக்கச் சொன்னது. ஓசூர் அந்த வரம்புக்குக் கீழே நிற்கிறது. இருக்கும் முப்பது பேரைப் பதினைந்து பதினைந்தாகப் பிரித்தால் இரு பக்கமும் முடங்கும். பிரிக்காவிட்டால் ஒவ்வொரு பந்தோபஸ்தும் ஒரு புலனாய்வைப் பின்தள்ளும். எந்தப் பலத்துக்கு மேல் பிரிவினை பயன் தரும் என்பது நம் சூழ்நிலையில் சோதித்து அறியவேண்டிய ஒன்று.

மூன்றாவது, காலத்தைப் பற்றியது. பணியிடம் அனுமதித்து, சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தி, பயிற்சியும் முடிந்து ஒரு காவலர் ஸ்டேஷனில் வந்து நிற்கும்போது, அவரைக் கேட்ட ஊர் மேலும் வளர்ந்திருக்கும். அப்படியானால் இன்றைய தொகைக்கு ஒதுக்குவதா, இன்னும் ஐந்தாண்டில் வரப்போகும் தொகைக்கா? ஒரு தொழிற்பேட்டைக்கு அனுமதி வழங்கும்போதே அதற்குரிய ஸ்டேஷனையும் ஆட்களையும் உடன் அனுமதிப்பது ஒரு யோசனை. ஆலை வராமற் போனால் வீண்செலவு என்பது அதற்கெதிரான வாதம். அந்தச் செலவோ, ஓய்வூதியம் வரை நீளும் நிரந்தரச் செலவு. 1969-இல் அமைந்த கோபாலஸ்வாமி கமிஷன் முதல் 2022-இல் அமைந்த நீதிபதி சி.டி. செல்வம் கமிஷன் வரை மாநிலத்தின் போலீஸ் கமிஷன்கள் பல வந்துள்ளன. தொழிற்சாலை உரிமமும் காவலர் ஒதுக்கீடும் இன்றளவும் வெவ்வேறு துறைகளின் வெவ்வேறு கோப்புகளில்தான் நகர்கின்றன. அவற்றை ஒரே கோப்பில் கொண்டுவருவதற்கு உள்துறை இசைய வேண்டுமா, தொழில்துறையா, நிதித்துறையா என்பதிலிருந்தே அந்த விவாதம் தொடங்கவேண்டியிருக்கிறது.